நம்பிக்கையைச் சட்டத்தால் வாங்க முடியாது

(திருகோணமலையில் கமக்காரர், கடற்றொழிலாளர், ஆசிரியர், சுகாதாரத் துறையினர் ஆகியோர் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தடுப்பூசியைப் பற்றிப் பேசுவதற்கு வைத்தியர்கள் இருக்க, அரசியல் பேசும் நாம் ஏன் இம்மேடையில் ஏறினோம் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஊசியிலே அடங்கியிருக்கும் மருந்தைப் பற்றி வைத்தியரே பேசட்டும். அந்த ஊசி கொழும்பிலிருந்து புறப்பட்டு, கந்தளாயைக் கடந்து, திருகோணமலைக்கு வந்து, கொட்டியாரக் குடாவின் அக்கரையிலே ஒரு குழந்தையின் தோளைச் சென்று சேர்கின்றதா, சேராவிடின் ஏன் சேரவில்லை, சேர்ந்தும் தாய் தோளைத் திருப்பிக்கொள்வாளாயின் அதற்கு யார் பொறுப்பு என்னும் கேள்விகள் மருத்துவக் கேள்விகள் அல்ல. அவை பாதையைப் பற்றியவை, பதவி வெற்றிடங்களைப் பற்றியவை, மொழியைப் பற்றியவை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஆள்வோரை ஆளப்படுவோர் நம்புகின்றனரா என்பதைப் பற்றியவை. இவை அரசியல் அல்லவென்றால் வேறெவை அரசியல்?

சென்ற ஆண்டு அக்கரைக் கிராமமொன்றுக்குச் சென்றிருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். அந்த ஊருக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. அங்கே ஓர் இளந்தாயின் கையில் ஒன்பது மாதம் கடந்த பிள்ளை. சின்னமுத்துக்கான ஊசி போட்டாயிற்றா என்று கேட்டோம். "போனேன் ஐயா. மருந்துப் போத்தல் உடைக்கிறதுக்குப் பிள்ளைகள் காணாதாம். அடுத்த மாதம் வரட்டாம்" என்றாள். அடுத்த மாதம் அறுவடை. அதற்கடுத்த மாதம் கணவன் கடலுக்குப் போயிருந்தான், மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல். இரண்டு பஸ் மாறிச் செல்ல வேண்டிய நிலையத்திற்கு மூன்றாம் முறையும் போகும் மனம் அவளுக்கு வரவில்லை. அதற்குள் அயல்வீட்டாரின் கைத்தொலைபேசியில், ஊசி போட்டால் பிள்ளை பிற்காலத்தில் மலடாகும் என்று எவனோ ஒருவன் பேசிய பேச்சும் வந்து சேர்ந்துவிட்டது.

இந்தத் தாயை நாளைக்கு ஒருவர் ஏட்டிலே எழுதும்போது எப்படி எழுதுவார்? "ஊசிக்கு மறுத்தவர்" என்றே எழுதுவார். அவளோ மறுக்கவில்லை. முதல் முறை போனாள். திருப்பி அனுப்பப்பட்டாள். வதந்தி அவளிடம் வந்தது அதற்குப் பின்னரே. வாசலில் கால்கடுக்க நின்று வெறுங்கையுடன் திரும்பியவளின் செவியில்தான் வதந்தி இலகுவாக நுழைகின்றது. நம்பிக்கையின்மை முந்தியது, வசதியின்மை பிந்தியது என்று வைத்துக்கொண்டு திட்டம் தீட்டுவோர் கணக்கைத் தலைகீழாகப் போடுகின்றனர்.

அந்தப் போத்தல் விடயத்தைச் சற்று விளக்க வேண்டும். சயரோகத்துக்கான பீ.சீ.ஜீ., சின்னமுத்து, கூகைக்கட்டு, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான கூட்டு ஊசி ஆகியவை பெரும்பாலும் பலருக்குப் போதுமான மருந்தை ஒரே போத்தலில் பொடியாக அடைத்து வருபவை. அந்தப் பொடியை நீர்மத்திற் கரைத்துவிட்டால் ஆறு மணித்தியாலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒரு பிள்ளைக்காகப் போத்தலை உடைத்தால் ஒன்பது பிள்ளைகளின் மருந்து வீணாகுமே என்று உத்தியோகத்தர் அஞ்சுகின்றார். மருந்து மிச்சமாகின்றது, பிள்ளை தவறிப்போகின்றது. நகரத்து நிலையத்தில் ஒரே காலையில் முப்பது பிள்ளைகள் கூடுவர். ஆகவே அங்கே இந்தத் தொல்லை எழுவதில்லை. குடிகள் சிதறிக் கிடக்கும் வெருகலிலும், சம்பூர்ப் பக்கத்திலும், குச்சவெளியின் வடக்குக் கரையிலும்தான் ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று வருவார்கள். ஒன்பது பங்கைக் கொட்டினாலும் குற்றமில்லை, வந்த பிள்ளைக்கு ஊசியைப் போடு என்று மேலிடம் எழுத்தில் உத்தரவிட்டால் இந்தக் கதை அன்றே முடிந்திருக்கும்.

பெரியோர்களே! நம் நாடு தடுப்பூசித் துறையிலே பின்தங்கிய நாடன்று. அதனை மறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயலாகும். களுத்துறையில் 1926-ஆம் ஆண்டு முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், வீட்டுப் படியேறி வரும் மருத்துவிச்சியம்மாவே இந்நாட்டின் சுகாதாரத்துக்கு முதுகெலும்பு. 1978-இல் தேசிய தடுப்பூசித் திட்டம் விரிவாக்கப்பட்டது. இளம்பிள்ளைவாதம் கடைசியாக இந்நாட்டிற் காணப்பட்டது 1993-இல். சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. பணக்கார நாடுகள் பல இன்னும் எட்டாத நிலை இது.

இந்த வெற்றியில் வடக்குக் கிழக்கு மக்களின் பங்கு என்ன என்பதை எவரும் பேசுவதில்லை. 1995 தொடக்கம், போர் உச்சத்தில் இருந்த காலத்திலேயே, போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாள்களுக்காக இரு தரப்பினரும் துப்பாக்கிகளைத் தாழ்த்தினார்கள். அமைதி நாள்கள் என்று அவற்றை அழைத்தார்கள். 1985-இல் மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரில் உள்நாட்டுப் போரின் நடுவே கண்ட வழி அது. அரசாங்கம் அனுப்பிய மருந்து, அரசாங்கத்தின் ஆணை செல்லாத ஊர்களிலே, அந்த ஊர் மருத்துவிச்சிகளின் கைகளால், அந்த ஊர்ப் பிள்ளைகளின் வாயில் விழுந்தது. காவலரண்களைக் கடந்து குளிர்ப்பெட்டியைச் சுமந்து சென்ற அந்தப் பெண்களுக்கு எந்த நகரத்திலும் சிலை இல்லை. அரசாங்கத்தை ஓர் எள்ளளவும் நம்பாத தாய்மாரும் பிள்ளைகளைக் கொண்டு வந்தார்களே, ஏன்? சொட்டு மருந்தை நீட்டிய கை யாருடைய கை என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். தன் பிரசவத்தின்போது பக்கத்திலிருந்தவளின் கை அது.

இதற்கு எதிர்மாறான கதையையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது நெஞ்சு கனக்கின்றது.

2020-இல் கொரோனா நோய் வந்தது. அந்நோயால் இறந்தவர் எம்மதத்தவராயினும் உடலை எரித்தே தீரவேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டது. புதைக்கலாம், அதனால் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியது. அதனை இந்நாட்டு அரசு செவிமடுக்கவில்லை. பிறந்து மூன்று வாரங்கூட நிரம்பாத ஒரு முஸ்லிம் பச்சிளங் குழந்தையின் உடலும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின்னர், 2021 பெப்ரவரியிலேதான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அதுவும் அவரவர் ஊர் மையவாடியில் அன்று. மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியிலே ஒதுக்கப்பட்ட ஒரு நிலத்தில். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிந்த உடல்கள் மன்னிப்பினால் மீள்வதில்லை.

திருகோணமலை மாவட்டத்தின் மக்களில் பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் புல்மோட்டையிலும் அன்று நிலவிய அச்சத்தை நம்மிற் பலர் நேரிற் கண்டோம். காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்குப் போகப் பயந்தார்கள். நோய்க்குப் பயந்தவர்கள் அல்லர் அவர்கள். அங்கே இறந்தால் உடல் என்னாகும் என்றே பயந்தார்கள். 2021 ஜனவரி 29-ஆம் திகதி நாட்டில் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியபோது அந்தக் கட்டளை இன்னும் நடைமுறையில் இருந்தது. ஒரு கையால் பெற்றோரின் கண்முன்னே பிள்ளையின் உடலைத் தீயிலிட்டு, மறு கையால் ஊசியை நீட்டி, "நம்பிப் போட்டுக்கொள்" என்று சொன்னால் எந்த மனிதன் தயங்கமாட்டான்?

தமிழர் பக்கம் வேறொரு தயக்கம். நோய்த் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு நிலையத்தின் தலைமையில் இராணுவத் தளபதியை அரசாங்கம் அமர்த்தியது. ஊசி போடும் நிலையங்கள் பலவற்றில் சீருடை தரித்தோர் நின்றனர். வேலையை ஒழுங்காகச் செய்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2006-இல் மூதூர் கிழக்கிலிருந்து உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடி, முகாம் முகாமாக அலைந்து, சம்பூர் மண்ணுக்கு 2015-க்குப் பின்னரே திரும்பிய ஒரு முதியவளுக்குச் சீருடை என்ன நினைவைத் தரும் என்று கொழும்பில் எவரேனும் ஒரு கணம் எண்ணிப் பார்த்தார்களா? வெள்ளைச் சேலை செய்ய வேண்டிய வேலையைப் பச்சைச் சீருடையிடம் கொடுத்தது முகாமைத்துவக் கெட்டித்தனமாக இருக்கலாம். நம்பிக்கையின் கணக்கிலே அது நட்டம்.

இத்தனைக்கும் பிறகும் இம்மாவட்ட மக்களிற் பெரும்பாலோர் ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். ஆகவே "படியாத சனங்கள், பத்தாம்பசலிகள்" என்று பேசுவோர் வாயைச் சற்று மூடிக்கொள்வது நல்லது.

பத்தாம்பசலித்தனம் என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகின்றது. பெரியம்மைக்கான தடுப்பு முறை இலங்கைக்கு வந்தது 1802-இல். தோமஸ் கிறிஸ்ரி என்னும் வைத்தியர் அதனை இத்தீவெங்கும் பரப்பினார். நம் முன்னோர் அதனை அம்மைப்பால் என்றனர். பசுவின் அம்மையிலிருந்து எடுத்ததாதலின் எவ்வளவு பொருத்தமான பெயர்! அம்மன் முத்துப் போட்டிருக்கையில் அரசாங்கத்தான் கத்தியால் கீறுவதா என்று அன்று பலர் ஒளித்தனர். 1886-இல் சட்டமே கொண்டு வந்தார்கள். அம்மாள் வருத்தம் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிய நம் பாட்டிமாரை மூடநம்பிக்கைக்காரர் என்பது எளிது. ஆனால் அந்த வேப்பிலை ஊருக்கு விடுத்த எச்சரிக்கை என்ன? இவ்வீட்டுக்குள் வராதே, இவ்வீட்டார் வெளியே வரார் என்பதுதான். இன்று நாம் தனிமைப்படுத்தல் என்று பெரிய பெயரிட்டுச் சொல்வதையே அவர்கள் இலையாற் சொன்னார்கள். அந்த அறிவோடு பேசத் தெரிந்த சுகாதார உத்தியோகத்தருக்குக் கதவு திறந்தது. ஏளனம் செய்தவருக்கு மூடியது. அந்தக் கொடிய நோய் உலகை விட்டே ஒழிந்தது என்று 1980-இல் பிரகடனம் செய்யப்பட்டது.

கமக்காரத் தோழர்களே! உங்களுக்கு இதனை வேறொரு வழியிற் சொல்லலாம். மனிதன் தடுப்பூசியால் உலகத்திலிருந்து முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை. மற்றது மனித நோயன்று. மாடுகளைப் பட்டி பட்டியாகச் சாய்த்த வெக்கை நோய். பல்லாண்டுகள் இந்நாட்டில் இல்லாதிருந்த அந்நோய் 1987-இல் மீண்டும் நுழைந்து வடக்குக் கிழக்கிலே பரவியது. 1994-க்குப் பின் இங்கே காணப்படவில்லை. 2011-இல் உலகமே அதிலிருந்து விடுபட்டது. மாட்டுக்கு ஊசி போட மிருக வைத்தியர் வந்தபோது பட்டிக்காரர் என்ன செய்தார்? விடியற்காலையிலேயே மாடுகளை அடைத்து வைத்துக் காத்திருந்தார். மாட்டுக்குக் காட்டிய தெளிவைப் பிள்ளைக்குக் காட்டத் தயங்குவானேன் என்று கேட்டு உங்களைக் குறைகூற நாம் வரவில்லை. வேற்றுமை எங்கே இருக்கின்றது என்று பாருங்கள். மிருக வைத்தியர் பட்டிக்கு வந்தார். பிள்ளையின் ஊசிக்கோ நீங்கள் இரண்டு பஸ் ஏறிப் போகவேண்டியிருக்கின்றது.

இனி, கேள்வி கேட்போரைப் பற்றி. தடுப்பூசியைப் பற்றி ஐயம் எழுப்புவோரெல்லாம் மூடர்கள் அல்லர். 1955-இல் சென்னை மாகாணத்தில் பீ.சீ.ஜீ. ஊசி இயக்கத்தை எதிர்த்து நூல் எழுதியவர் யார் தெரியுமா? அம்மாகாணத்தின் முதலமைச்சராக முந்திய ஆண்டுவரை இருந்த மூதறிஞர் இராஜாஜி. அவர் கூறியவை யாவும் சரியல்ல. ஆயினும் அந்த ஊசியின் பலனை உறுதிப்படுத்த வேண்டும் என்ற கேள்வி வீணாகவில்லை. பின்னர் 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்திலே இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரை உட்படுத்தி மாபெரும் ஆய்வொன்று தொடங்கியது. வளர்ந்தோரின் நுரையீரற் சயரோகத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. அப்படியாயின் பிறந்த குழந்தைக்கு ஏன் இன்னும் போடுகின்றார்கள்? குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் கொடிய சயரோகத்திலிருந்து அது காக்கின்றது என்பது வேறு பல ஆய்வுகளால் உறுதியாகியிருக்கின்றது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒளிக்காமல் சொல்கின்ற உத்தியோகத்தரையே மக்கள் நம்புவர். "எல்லாம் நூற்றுக்கு நூறு, கேள்வி கேளாதே" என்பவரை நம்பமாட்டார்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி 2008 ஜனவரியில் இங்கு அறிமுகமாகியது. சில குழந்தைகள் ஊசிக்குப் பின் இறந்தனர் என்ற செய்தி வந்தபின் அரசாங்கம் அதனை நிறுத்தியது. பழைய ஊசிகளுக்கே திரும்பியது. வெளிநாட்டு நிபுணரையும் அழைத்து ஒவ்வொரு மரணத்தையும் ஆராய்ந்தார்கள். ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2010-இல் மீண்டும் அதே ஊசி வந்தது. தாய்மார் ஏற்றுக்கொண்டார்கள். நிறுத்தியிராவிட்டால்? மூடி மறைத்திருந்தால்? அடுத்த பத்தாண்டுக்கும் அந்த ஊசியின் பெயரே பேய்ப் பெயராகியிருக்கும். அரசாங்கத்தைத் திட்டுவதே நம் தொழில் என்று நினைப்போர்க்குச் சொல்கின்றோம்: அந்த முறை அரசாங்கம் செய்தது சரி. அதுவே முன்மாதிரியாக வேண்டும்.

உலகத்திலும் இவ்வாறே. 2003-இல் நைஜீரியா நாட்டின் கானோ மாநிலத்தில், போலியோ மருந்து முஸ்லிம்களை மலடாக்கும் சதி என்று சொல்லி மருந்தை நிறுத்தினார்கள். ஏறத்தாழ ஓராண்டு நின்றது. அங்கிருந்து கிளம்பிய நோய் சுமார் இருபது நாடுகளுக்குச் சென்றது. எப்படி மீண்டும் தொடங்கியது? முஸ்லிம் நாடாகிய இந்தோனேசியாவிலிருந்து மருந்தை வருவித்து, தாமே சோதித்துத் திருப்திப்பட்ட பின்னர். பாகிஸ்தானிலோ, 2011-இல் ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்காக அமெரிக்க உளவுத்துறை போலியான ஊசித் திட்டமொன்றையே நடத்தியது. அதன் பின்னர் போலியோ மருந்து கொடுக்கப் போன அப்பாவிப் பெண்கள் அங்கே சுடப்பட்டு மாண்டனர். ஊசியை வைத்து ஒற்று வேலை செய்தவர்கள் வல்லரசுக்காரர்கள். சுடப்பட்டவர்களோ ஏழைச் சுகாதாரத் தொண்டர்கள். இந்தியா மட்டும் வேறு வழியிற் சென்றது. உத்தரப்பிரதேசத்தில் மறுத்த வீடுகளுக்குப் பொலிசாரை அனுப்பிப் பயனில்லை என்று கண்டு, அவ்வூர்ப் பெண்களையே நியமித்து, இமாம்களைத் துணைக்கழைத்தது. 2011 ஜனவரிக்குப் பின் அந்நாட்டில் காட்டுப் போலியோ இல்லை.

இப்போது நம் வாசலில் என்ன நடக்கின்றது? 2022-இல் பொருளாதாரம் சரிந்தபோது நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாத நாளும் இருந்தது. ஊசி மருந்து இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடைப்பட்ட குளிரில் இருக்க வேண்டியது. பெற்றோல் இல்லாமல் மருத்துவிச்சியம்மாவின் மோட்டார் சைக்கிள் வீட்டுத் திண்ணையில் நின்றது. வைத்தியர்கள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்தார்கள். 2023 மே மாதத்தில், ஒழிந்துவிட்டது என்று சான்று பெற்ற சின்னமுத்து கொழும்பில் மீண்டும் தலைதூக்கியது. ஒன்பது மாதம் நிரம்பாத, ஊசி வயதை எட்டாத குழந்தைகளும் அதில் அகப்பட்டார்கள். சின்னமுத்து ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குத் தொற்றவல்லது. நூற்றில் தொண்ணூற்றைந்து பிள்ளைகள் இரண்டு ஊசியும் பெற்றிருந்தால்தான் அது பரவ வழியில்லாமல் அடங்கும். மாவட்டச் சராசரி தொண்ணூற்றைந்தைத் தாண்டினாலும், சராசரியைப் பார்த்து நோய் வருவதில்லை. ஊசி தவறிய பிள்ளைகள் ஒரே ஊரில், ஒரே வாடியில், ஒரே குடியேற்றத்தில் கூடி வாழ்ந்தால் அங்கேதான் வரும்.

அத்தகைய இடங்கள் நம் மாவட்டத்தில் எவை என்று நமக்குத் தெரியும். வெருகலிலும் மூதூர் கிழக்கிலும் வாழும் வேடுவர் குடிகள். மலைநாட்டிலிருந்து இனக் கலவரங்களால் துரத்தப்பட்டு வந்து குடியமர்ந்த குடும்பங்கள். காற்று மாறும்போது மேற்குக் கரையிலிருந்து வந்து கரையோரத்தில் வாடி அமைக்கும் கடற்றொழிலாளர். மொறவெவ, கோமரன்கடவெல எல்லையோரத்துச் சிங்களக் கமக்காரர் குடிகளையும் சேர்த்துத்தான் சொல்கின்றோம். யானைக்குப் பயந்து மாலை ஆறு மணிக்குமேல் வெளிக்கிடாத அந்த ஊரவர்க்கும் இதே தொல்லைதான். சின்னமுத்துக்குச் சிங்களம், தமிழ் என்ற பேதம் கிடையாது.

பாதையைப் பற்றியும் ஒரு சொல். கிண்ணியாவுக்குப் பெரிய பாலம் வந்தது 2009-இல். அதன் பின்பும் 2021 நவம்பர் 23-ஆம் திகதி, அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய இழுவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிட்ட பலர் மாண்டார்கள். படிக்கப் போன பிள்ளைகள். கைக்குழந்தையோடு ஊசிக்குப் போகும் தாயும் அத்தகைய பாதையில்தானே ஏறுகின்றாள்? மாரியில் மகாவலி பெருகினால் வெருகல் வீதி வெள்ளத்துள் மறையும். ஊசி நாளைக் குறிக்கும் நாட்காட்டிக்கு வெள்ளம் தெரியாது.

மொழியைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் நம்மை நீங்களே மன்னிக்கமாட்டீர்கள். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். "பிரசவ வைத்தியம்", "இரண வைத்தியம்" என்று தமிழிலேயே நூல்கள் வெளியிட்டார். வேற்று நாட்டார் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கண்ட உண்மை இது: நோயாளியின் மொழியிற் பேசாத வைத்தியம் பாதி வைத்தியமே. தமிழ் ஆட்சிமொழியாக அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987-இல். இன்றும் இம்மாவட்டத்தில் தன் பிள்ளையின் காய்ச்சலைச் சைகையாற் சொல்லும் தமிழ்பேசும் தாயைப் பார்க்கின்றோம். ஊசிக்குப் பின் இரண்டு நாள் காய்ச்சல் வரலாம், அஞ்சாதே, பரசிற்றமோல் எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த அறிகுறி கண்டால் உடனே கொண்டுவர வேண்டும் என்ற நான்கு வாக்கியங்களை அவளுடைய மொழியில் முன்கூட்டியே சொன்னால் போதும். சொல்லாமல் விட்டால், அன்றிரவு பிள்ளையின் உடம்பு கொதிக்கும்போது அவள் ஊசியைச் சபிப்பாள். மறுமுறை வரமாட்டாள். அவள் சபிப்பதில் பிழையென்ன?

பெண் பிள்ளைகளின் ஊசி ஒன்றும் இருக்கின்றது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி 2017 முதல் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு மாணவியருக்கு இரண்டு முறை போடப்படுகின்றது. இதற்குத்தான் வதந்தி அதிகம். ஏனெனில் இதில் வெட்கம் கலந்திருக்கின்றது. கடிதத்தை மாணவியின் கையிற் கொடுத்தனுப்பித் தந்தையின் கையொப்பம் வாங்கினால் போதாது. தாய்மாரைப் பாடசாலைக்கு அழைத்து, ஒரு பெண் வைத்தியர் ஆண்கள் இல்லாத அறையில் அரைமணி நேரம் பேசட்டும். ஆசிரியைகளே! நீங்கள் ஒழுங்கு செய்தால் இதற்கு அமைச்சரின் உத்தரவு வேண்டியதில்லை.

நேரமாகிவிட்டது. மழையும் இருட்டுகின்றது. அக்கரையிலிருந்து வந்தவர்கள் திரும்ப வேண்டும். ஆகவே தீர்மானத்தை வாசிக்கின்றோம்.

திருகோணமலை மாவட்டத்தில் வெற்றிடமாகக் கிடக்கும் மருத்துவிச்சிப் பதவிகளுக்கு அந்தந்தப் பிரதேசத்துப் பெண்களையே தெரிந்து பயிற்றி நியமிக்குமாறு மாகாண சுகாதார அமைச்சைக் கோருகின்றோம். ஒரு பிள்ளை வந்தாலும் போத்தலை உடைத்து ஊசி போடும்படி எழுத்திலான சுற்றறிக்கை வெளியிட வேண்டும். அறுவடைக் காலத்திலும் மீன்பிடிப் பருவத்திலும் நிலையங்களை மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ நடத்த வேண்டும். வெருகல், மூதூர் கிழக்கு, குச்சவெளி வடக்கு ஆகிய பகுதிகளுக்கு மாதமொருமுறை நடமாடும் நிலையம் செல்ல வேண்டும். மாரியில் அதற்கு வள்ளமும் வேண்டும். எந்த ஊசி நிலையத்திலும் சீருடைக்காரர் நிற்றலாகாது. ஊசியால் பாதிப்பு நேர்ந்ததாகப் பெற்றோர் முறையிட்டால் விசாரணையின் முடிவை அவர்களுடைய மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும், உண்மையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நட்டஈடும் வழங்க வேண்டும்.

நம் பக்கத்துக் கடமையும் தீர்மானத்தில் உண்டு. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும், கடற்றொழிலாளர் சங்கமும், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை ஆகியவற்றின் நிர்வாக சபையும் தத்தம் ஊரில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஊசி அட்டைகளைப் பார்த்து, தவறியோரின் பட்டியலை இரண்டு மாதத்துக்குள் சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எவரையும் மறுத்தவர் என்று எழுதாமல், ஏன் தவறியது என்பதைத் தாயின் வாய்மொழியிலேயே எழுத வேண்டும்.

இத்தீர்மானத்தை ஆதரிப்போர் கையை உயர்த்துங்கள். வழிமொழிய விரும்பும் தாய்மார் எவரேனும் மேடைக்கு வரலாம். அவர்கள் பேசியபின் ஆண்கள் பேசட்டும்.